படுத்தால் பூஜ்யம்

பிப்ரவரி 3

அன்புள்ள அத்தானுக்கு,

வாலு எழுதறேன். இந்தப் பேர் சொல்லிக் கூப்பிட இப்ப வீட்டுல ஆள் இல்ல, அதனால நானே போட்டுக்கறேன். நான் நல்லா இருக்கேன். வயித்துக்குள்ள இருக்கறது என்னைவிட நல்லா இருக்கு, உதைக்கற உதையிலயே தெரியுது. அம்மாவுக்கு முழங்கால் மட்டும்தான் சொன்ன பேச்சு கேக்கல. உங்க சகலை வழக்கம்போல மூணு நாள் பஸ்ஸோட ரோட்டுல, ஒரு நாள் வீட்டுல. நீங்க எப்படி இருக்கீங்க? சாப்பிடறீங்களா? இந்த ரெண்டு கேள்விக்காவது பதில் போடுங்க.

அக்கா போய் எட்டு மாசம் ஆச்சு. நீங்க மாத்தல் வாங்கிட்டு அந்த அணைக்கட்டுக்குப் போய் ஆறு மாசம். இதுவரைக்கும் உங்ககிட்ட இருந்து வந்தது ஒரே ஒரு கார்டு. அதுலயும் "வந்து சேர்ந்தேன்"கறதைத் தவிர ஒண்ணும் இல்ல. எங்க டிப்போவுல வந்து இறங்கற பார்சல்கூட அதைவிட ஜாஸ்தி பேசும் அத்தான்.

விஷயத்துக்கு வரேன். எனக்கு ஏழாவது மாசம். குழந்தை குறுக்க படுத்திருக்காம், காலி பஸ்ஸுல கண்டக்டர் கால் நீட்டிப் படுக்கற மாதிரி. திரும்பலைன்னா ஆபரேஷன்தான்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. முதுகுத்தண்டுல ஊசி போடுவாங்களாம். "இடுப்புக்குக் கீழ ஒண்ணும் தெரியாதும்மா, முழிச்சுக்கிட்டே குழந்தை அழறதைக் கேக்கலாம்"னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வெளியில வந்து பெஞ்சுல உக்காந்தவ, ரெண்டு டவுன் பஸ் போற வரைக்கும் எழுந்திருக்கல.

அக்காவுக்குக் கணுக்கால் ஆபரேஷனுக்குப் போட்டதும் இதே ஊசிதானே? அதுக்கப்புறம்தானே அந்தத் தலைவலி? பன்னெண்டு நாளும் கூட இருந்தது நீங்க ஒருத்தர்தான். நாங்க வந்து பாக்கறப்ப அவ கண்ணையே திறக்கல. என்ன நடந்துச்சுன்னு யாரும் எனக்கு முழுசா சொல்லல. டாக்டரம்மாகிட்ட கேட்டா, "அது லட்சத்துல ஒண்ணும்மா, அதையே நினைக்காதே"ங்கறாங்க. அந்த லட்சத்துல ஒண்ணு எங்க அக்கா. எப்படி நினைக்காம இருக்கறது?

எப்படி ஆரம்பிச்சுது, எப்படி இருந்துச்சு, அவ என்ன பண்ணா, எல்லாம் எழுதுங்க. தெரிஞ்சா பயம் குறையும்.

ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவுல டைம் ஆபீஸ் மேஜையில எழுதறேன். இதோ எட்டு நிமிஷம் லேட்டா ஒருத்தன் வரான். அவனைத் திட்டப் போறேன். உடம்பைப் பாத்துக்குங்க.

வாலு


பிப்ரவரி 24

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதம் பத்தாம் தேதியே வந்துவிட்டது. இங்கிருந்து ஜீப் செவ்வாயும் வெள்ளியும்தான் கீழே போகும். நான்கு ஜீப்பை விட்டுவிட்டேன். நன்றாக இருக்கிறேன். சாப்பிடுகிறேன். உன் இரண்டு கேள்விக்கும் பதில் ஆயிற்று.

இங்கே ஒரு அறை, ஒரு இரும்புக் கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னலில் முழுக்கத் தண்ணீர்தான். அணைச் சுவருக்குள்ளேயே நீளமாக ஒரு நடைபாதை இருக்கிறது. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை டார்ச்சோடு உள்ளே போவேன். எவ்வளவு நல்ல அணையானாலும் கொஞ்சம் கசியும். கசிவதை எல்லாம் ஒரு தொட்டியில் சேர்த்து, எவ்வளவு என்று அளந்து எழுத வேண்டும். அதுதான் வேலை. போன வாரத்தைவிட இந்த வாரம் கசிவு குறைவு.

என்னோடு இருப்பவர் ஷட்டர் இயக்குபவர். அவர் ரேடியோவோடு பேசுவார், ரேடியோவில் வருபவர்களைத் திட்டுவார். என்னோடு அவ்வளவாகப் பேசமாட்டார். வசதியாக இருக்கிறது.

ஊசியைப் பற்றிக் கேட்டிருந்தாய். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. சிலருக்குத் தலைவலி வரும், சில நாளில் போய்விடும். டாக்டர் சொல்வதைக் கேள். தண்ணீர் நிறையக் குடி.

அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். சகலையை விசாரித்ததாகச் சொல்.

அத்தான்


மார்ச் 4

அன்புள்ள அத்தானுக்கு,

எல்லாரும் சௌக்கியம், கோபத்தைத் தவிர வேற நோவு ஒண்ணும் இல்ல.

நான் கேட்டது ஊசியைப் பத்தி. நீங்க எழுதினது தண்ணியைப் பத்தி. ரெண்டு பக்கத் தண்ணிக்கு நடுவுல நாலு வரி ஊசி. அதையும் மருந்துச்சீட்டுப் பின்னாடி அச்சடிச்சிருக்கற மாதிரி எழுதியிருக்கீங்க. உங்க சகலை படிச்சுட்டு, "அண்ணன் லீவ் லெட்டர் எழுதியிருக்காரா?"ன்னு கேக்கறார்.

நீங்க சொல்லலைன்னாலும் அக்கா கொஞ்சம் சொல்லியிருக்கா. ஊசி போட்டு அஞ்சாம் நாள் படுக்கையில இருந்து எனக்கு ஒரு கடுதாசி போட்டா. அது வந்து சேர்றப்ப அவ இல்ல. இத்தனை நாள் அதைத் திறந்து பாக்கற தைரியம் எனக்கு இல்ல. நேத்துதான் பிரிச்சேன். அவ எழுதினதை அப்படியே கீழ எழுதறேன்.

"வாலு, படுத்துக்கிட்டே எழுதறேன். எழுந்து உக்காந்தா யாரோ பின்மண்டையைப் பிடிச்சுக் கீழ இழுக்கற மாதிரி இருக்கு. படுத்தா சுவிட்சை அணைச்ச மாதிரி போயிடுது. உங்க அத்தான் இதுக்குன்னு ஒரு நோட்டு போட்டிருக்கார்டி. காலையிலயும் சாயங்காலமும் என்னை உக்கார வெச்சு பத்துக்கு ஒரு மார்க், படுக்க வெச்சு ஒரு மார்க். ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்து கிராஃப்ல புள்ளி வெக்கறார். நேத்து உக்காந்தப்ப எனக்கு எட்டு மார்க். கணக்குல நான் ஜென்மத்துல வாங்காத மார்க்கு! கோடு இறங்குதாம். எனக்கு ஒண்ணும் இறங்கின மாதிரி தெரியல. ஆனா அந்தக் கோட்டைப் பாக்கறப்ப அவர் முகத்துல ஒரு வெளிச்சம் வருது பாரு, அதைப் பாத்துட்டு 'ஆமாங்க, கொஞ்சம் குறைஞ்சுதான் இருக்கு'ன்னு சொல்லிடறேன்."

அந்த நோட்டை எனக்கு அனுப்புங்க அத்தான். பாத்துட்டுத் திருப்பி அனுப்பிடறேன். குழந்தை இன்னும் திரும்பல. பிடிவாதம், பெரியம்மா மாதிரி.

வாலு


மார்ச் 29

அன்புள்ள வாலுவுக்கு,

பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் எல்லாரும் நலம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நோட்டு வீடு காலி செய்தபோது எங்கோ போய்விட்டது. தேடினேன். இல்லை.

தலைவலி ஏன் வருகிறது என்று மட்டும் சொல்கிறேன். முதுகுத்தண்டைச் சுற்றி ஒரு உறை இருக்கிறது. உறைக்குள் தண்ணீர் மாதிரி ஒரு நீர். அந்த நீரில்தான் மூளை மிதக்கிறது. ஊசி அந்த உறையில் ஓட்டை போடுகிறது. பெரும்பாலும் ஓட்டை தானாக மூடிக்கொள்ளும். சிலருக்கு மூடாமல் கசியும். நீர் குறைந்ததும், எழுந்து உட்கார்ந்தால் மூளைக்குத் தாங்கல் இல்லாமல் கீழே இழுபடும். அதுதான் வலி. படுத்தால் இழுப்பு இல்லை. படுத்தால் பூஜ்யம்.

மெல்லிசான ஊசியாகப் போடச் சொல்லிக் கேள். ஓட்டை சின்னதாக இருக்கும்.

அக்கா கடிதத்தை எனக்காக நகல் எடுத்தாயே, அந்தக் கடைசி வரி. அவள் அப்படித்தான் எழுதியிருந்தாளா? நீ சேர்த்தது எதுவும் இல்லையே?

அத்தான்


ஏப்ரல் 17

அன்புள்ள அத்தானுக்கு,

நான் ஏன் சேக்கப் போறேன்? அவ எழுதினதுதான். ஒரு புள்ளிகூட என்னுது இல்ல.

வர்ற இருபத்தொண்ணாம் தேதி காலையில ஆபரேஷன். குழந்தை கடைசி வரைக்கும் சீட்டை விட்டு நகரல. டிப்போவுல எல்லாரும் வந்து ஆளுக்கொரு யோசனை சொன்னாங்க. செக்கர் சொல்றார், "இப்பவே லேட்டா வருது, இதுக்கு மெமோ குடுத்துடுங்க மேடம்"னு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. சிரிச்சா வயிறு பிடிச்சு இழுக்குது.

அம்மா குழந்தைத் துணியை மடிக்கறா, பிரிக்கறா, மறுபடி மடிக்கறா. அக்காவுக்குப் போட்ட ஊசியேதான்னு அவகிட்ட யாரும் சொல்லல. ஆனா தெரியும்னு நினைக்கறேன்.

நோட்டு போனா போகுது. எனக்குத் தலைவலி வந்தா நானே ஒண்ணு போட்டுக்கறேன். உங்க சகலை கிராஃப் பேப்பரே வாங்கிட்டு வந்துட்டார். உக்காந்து ஒரு மார்க், படுத்து ஒரு மார்க், கூட்டி ரெண்டால வகுக்கணும். அவ்வளவுதானே? படிச்ச மனுஷன் சொன்ன முறை. டாக்டர்கிட்ட வளவளன்னு பேசாம ஒரே ஒரு எண்ணைச் சொல்லிடலாம்.

தைரியமா இருக்கேன். நாலு வரி போட்டீங்கன்னா இன்னும் தைரியமா இருப்பேன். இது ஆபரேஷனுக்கு முன்னாடி உங்ககிட்ட வந்து சேராதுன்னு தெரியும். இருந்தாலும்.

வாலு


ஏப்ரல் 27

அத்தானுக்கு,

பொண்ணு! இருபத்தொண்ணாம் தேதி காலையில பொறந்தா. மூக்கு அம்மாவுது, குரல் பஸ் ஹாரன்.

பென்சில்ல எழுதறேன், மல்லாந்து படுத்துப் பேனா பிடிச்சா மை இறங்கல. ஆமா அத்தான், எனக்கும் வந்துடுச்சு. மூணாம் நாள் ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்து கட்டில்ல உக்காந்தேன் பாருங்க, அக்கா எழுதினது அப்படியே! பின்மண்டையில இருந்து கழுத்து வரைக்கும் இழுக்குது. காது அடைச்சுக்குது. படுத்தா ஒண்ணும் இல்ல. குழந்தைக்குப் பால் குடுக்க ஒருக்களிச்சுப் படுத்துக்கறேன். அம்மா பிடிச்சுக்கறா. சாப்பிடறதும் படுத்துக்கிட்டுதான். கக்கூஸுக்குப் போக மட்டும் எழுந்து, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு ஓடறேன்.

டாக்டரம்மா படுத்தே இருக்கச் சொன்னாங்க. காபி குடிக்கச் சொன்னாங்க. ஒரு வாரத்துல போயிடுமாம்.

மார்க் போட்டிருக்கேன். 23: உக்காந்தா 9, படுத்தா 0, சராசரி நாலரை. 24: அதேதான். 25: 8, 0, நாலு. 26: 7, 1, நாலு. இன்னிக்கு: 6, 1, மூணரை. கோடு இறங்குது பாத்தீங்களா! நேத்து நர்ஸ் வந்து கேட்டப்ப, "நாலரையில இருந்து நாலு ஆயிடுச்சு"ன்னு சொன்னேன். "வெரி குட்"னாங்க.

கை வலிக்குது. குழந்தை எழுந்துட்டா.

வாலு


மே 4

வாலு,

இதற்கு முன்னால் ஒரு தந்தி வந்திருக்கும். வயர்லெஸ்ஸில் கீழ் ஆபீஸைக் கூப்பிட்டு அடிக்கச் சொன்னேன். வரவில்லை என்றால் இதை உடனே படி. முழுக்கப் படிக்காவிட்டாலும் அடுத்த பத்தியை மட்டும் படி.

சராசரி போடாதே. அது தப்பு. உட்கார்ந்தால் வரும் வலியை விடு. படுத்தால் எவ்வளவு, அது ஒன்றுதான் கேள்வி. படுத்தால் பூஜ்யமாக இருக்க வேண்டும். உனக்கு 26ஆம் தேதியே ஒன்று வந்திருக்கிறது. ஒன்று ஒன்றாகவே இருந்தாலும் சரி, இரண்டானாலும் சரி, இதைக் கையில் பிடித்துக்கொண்டே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. "படுத்தாலும் வலிக்குது" என்று சொல். இந்த இரண்டு வார்த்தைக்கு மேல் எதுவும் சொல்ல வேண்டாம். "குறையுது" என்று யாரிடமும் சொல்லாதே. வாந்தி, தூக்கக் கலக்கம், பார்ப்பது இரண்டாகத் தெரிவது, எது வந்தாலும் ஒரு நிமிஷம் காத்திருக்காதே.

நான் வர முடியவில்லை. மேலே நல்ல மழை. நீர்மட்டம் ஏறுகிறது. மணிக்கு ஒருமுறை அளவு எடுக்க வேண்டும், மாற்று ஆள் வெள்ளிக்கிழமைதான் வருகிறார். "மச்சினிக்குத் தலைவலி, போகணும்" என்று வயர்லெஸ்ஸில் சொன்னேன். அந்தப் பக்கம் ஒருவர் சிரித்தார். அவர் மேல் தப்பில்லை. கேட்க அப்படித்தான் இருக்கிறது.

அத்தான்


மே 9

அன்புள்ள வாலுவுக்கு,

தந்திக்கும் பதில் இல்லை, கடிதத்துக்கும் பதில் இல்லை. வெள்ளிக்கிழமை வர வேண்டிய ஆள் வரவில்லை, பாதை மூடியிருக்கிறது. ஜீப் மட்டும் பாதி வழி வந்து தபாலை வாங்கிக்கொண்டு போகிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியாமல் எழுதுகிறேன்.

நோட்டு தொலையவில்லை. என் பெட்டியில்தான் இருந்தது. இந்தக் கவரில் வைத்திருக்கிறேன்.

முதல் நாள் அக்காவுக்கு உட்கார்ந்தால் 9, படுத்தால் 0. ஆறாம் நாள் 7, 1. எட்டாம் நாள் 6, 2. ஒன்பதாம் நாள் 5, 3. உட்கார்ந்தால் வரும் வலி குறைந்துகொண்டே வந்தது, படுத்தால் வருவது ஏறிக்கொண்டே வந்தது. இரண்டையும் கூட்டி வகுத்தால் ஆறாம் நாளிலிருந்து எல்லா நாளும் நாலு. நாலரையில் தொடங்கிய கோடு நாலில் நின்றது. பத்தாம் நாள் 4, 4. பக்கத்தில் நான் என்ன எழுதி வைத்திருக்கிறேன் என்று நீயே பார். "நிலைபெறுகிறது."

தினமும் டாக்டரிடம் போனில் "குறையுது" என்றேன். உங்கள் டிப்போ போனில் உன்னிடமும் அதையே சொன்னேன். அம்மா கிளம்பி வரட்டுமா என்று கேட்டாய். "வேண்டாம், அடுத்த வாரம் போதும்" என்றேன்.

பிறகு ஆஸ்பத்திரியில் விளக்கினார்கள். மூளை இழுபட்டு இழுபட்டு, மேலே ஒரு மெல்லிய ரத்தக்குழாய் கிழிந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் சேர்ந்திருக்கிறது. "படுத்தாலும் வலின்னு எப்பலேருந்து?" என்று அந்த டாக்டர் கேட்டார். நோட்டு என் சட்டைப் பையில் இருந்தது. "தெரியல சார்" என்றேன்.

பத்தாம் நாள் சாயங்காலம் அக்கா, "படுத்தாலும் விட மாட்டேங்குதுங்க" என்றாள். நான் கிராஃபைக் காட்டி, "சராசரி நாலுதான், ஏறலை பாரு" என்றேன். அவள், "எனக்குச் சராசரியா வலிக்கலீங்க. முழுசா வலிக்குது" என்றாள். நான் அதை எழுதிக்கொள்ளவில்லை. எழுத நோட்டில் அதற்கான கட்டம் இல்லை.

பதினோராம் நாள் நிறையத் தூங்கினாள். தூங்குவது நல்லது என்று நினைத்தேன். பன்னிரண்டாம் நாள் காலை எழுப்பினேன்.

அதுவரை "குறைஞ்சுதான் இருக்கு" என்று அவள் சொன்னதெல்லாம் என் முகத்துக்காகச் சொன்னது என்று உன் மார்ச் மாதக் கடிதம் வந்தபிறகுதான் எனக்குத் தெரியும். இதை உனக்குப் பிப்ரவரியிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் நீ என் முறையை எடுத்துக்கொண்டிருக்க மாட்டாய்.

பதில் போடு. நீயே எழுத வேண்டாம். யாராவது போடட்டும்.

அத்தான்


மே 20

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

உங்க சகலை எழுதறேன். எனக்கு ஸ்டியரிங் பிடிச்ச கை, எழுத்து கோணலா இருந்தா மன்னிச்சுக்குங்க. முதல்ல இதைச் சொல்லிடறேன், அவ உயிரோட இருக்கா. குழந்தை நல்லா இருக்கு.

உங்க தந்தி அஞ்சாம் தேதியே வந்துடுச்சு. நான் வண்டியில இருந்தேன். அத்தை வாங்கியிருக்காங்க. அவங்களுக்குப் படிக்கத் தெரியாதுங்கறது உங்களுக்குத் தெரியும். தந்தின்னாலே சாவுன்னு அவங்களுக்கு. உங்களுக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சுட்டாங்க. பால் குடுக்கற பொண்ணுகிட்ட இதைப் போய் எப்படிச் சொல்றதுன்னு முந்தானையில முடிஞ்சு வெச்சுக்கிட்டு ஒரு பகல் முழுக்க மூலையில உக்காந்து சத்தம் வராம அழுதிருக்காங்க. நான் ஆறாம் தேதி காலையில வந்தப்ப, "பெரியவ பின்னாடியே அவரும் போயிட்டாருப்பா"ன்னு கையில குடுத்தாங்க. பிரிச்சுப் படிச்சேன். "படுத்தும் வலித்தால் உடனே பெரிய ஆஸ்பத்திரி. தாமதம் வேண்டாம்."

உள்ள போய்க் கேட்டேன். "படுத்தா வலிக்குதா?" "மூணு"ன்னா. "மூணுன்னா?" "சராசரி பாத்தா அவ்வளவு இல்லீங்க"ன்னு சொல்லிட்டு மறுபடி தூங்கிட்டா. பட்டப்பகல்ல.

வேற வண்டி கிடைக்கல. டிப்போவுல இருந்து என் பஸ்ஸையே எடுத்துட்டு வந்தேன். கடைசி நீள சீட்டுல அவளைப் படுக்க வெச்சு, செக்கர் ஒரு பக்கம் பிடிச்சுக்க, இருபது கிலோமீட்டர் வேகத்துல ஓட்டினேன். என் சர்வீஸ்ல அவ்வளவு மெதுவா நான் எதையும் ஓட்டினதில்ல. தலையில படம் எடுத்தாங்க. ரத்தம் கொஞ்சம் சேர ஆரம்பிச்சிருந்துச்சு. "இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா"ன்னு டாக்டர் ஆரம்பிச்சு, நிறுத்திக்கிட்டார். மண்டையைத் திறக்க வேண்டி வரல. அவ கையில இருந்தே ரத்தம் எடுத்து முதுகுல ஊசி போட்ட இடத்துல செலுத்தி ஓட்டையை அடைச்சாங்க. இப்ப ஆஸ்பத்திரியிலயே இருக்கா. படம் எடுத்துப் பாத்துட்டே இருக்காங்க.

உங்க ரெண்டாவது கடுதாசியும் நோட்டும் பதினாலாம் தேதி வந்துச்சு. அவ இல்லாததால அத்தை என்னைப் படிக்கச் சொன்னாங்க. நான் முதல்ல ஒரு தடவை மனசுக்குள்ள படிச்சிருக்கணும். சத்தமாவே ஆரம்பிச்சுட்டேன். நடுவுல நிறுத்தினேன். "முழுசா படி"ன்னாங்க. படிச்சேன்.

அவங்க சொன்னதை ஒரு வார்த்தை மாத்தாம எழுதச் சொன்னாங்க. கீழ எழுதறேன். என் மேல வருத்தப்படாதீங்க.

"மாப்பிள்ளை, குறையுதுன்னு நீங்க சொன்னீங்க. அதை நம்பி, கட்டின துணி மூட்டையை நான் அவிழ்த்து வெச்சேன். தந்தி அடிச்சதுக்குக் கும்பிடறேன். இந்த வீட்டுக்கு வர வேண்டாம்."

இப்படிக்கு,
சகலை


ஜூன் 30

அத்தானுக்கு,

எழுந்து உக்காந்து எழுதறேன். பேனாவுல. மூணு நிமிஷம் எழுதினா அஞ்சு நிமிஷம் படுக்கணும். இந்தக் கடுதாசியை நாலு நாளா எழுதறேன். பொண்ணு புட்டிப்பாலுக்குப் பழகிட்டா. என் பால் நின்னுடுச்சு. மத்தபடி சௌக்கியம்னுதான் சொல்லணும். உயிரோட இருக்கறவங்க அப்படித்தானே சொல்லணும்.

உங்க மேல எனக்கு இருக்கற கோபத்தை எழுதினா கவர் தாங்காது. தப்பாக் கணக்குப் போட்டீங்க, சரி. எனக்கும் அந்தக் கணக்குதான் சரின்னு பட்டுச்சு, நானும் போட்டேன், நர்ஸும் "வெரி குட்"னாங்க. அதுக்குக் கோபம் இல்ல. பிப்ரவரியில நான் கேட்டேனே, அதுக்குத்தான். நீங்க தண்ணியைப் பத்தி எழுதினீங்களே, அதுக்குத்தான். நாம போட்ட லெட்டர் எல்லாத்தையும் எடுத்து வெச்சு வரிசையாப் படிச்சேன். எத்தனை ஜீப் அத்தான்.

அப்புறம் டிப்போ போனை எடுத்து, "குறையுதாம்மா"ன்னு அம்மாகிட்ட சொன்னது நான். அதையும் ஒரு ஓரமா வெச்சிருக்கேன்.

அம்மா உங்க பேச்சே எடுக்கறதில்ல. நான் எழுதறேன்னு தெரியும். வேணாம்னும் சொல்லல.

நோட்டை முழுக்கப் பாத்தேன். பதினோரு நாள், இருபத்திரெண்டு புள்ளி. நல்ல எழுத்து, ஒரு அடித்தல் இல்ல. ஆனா அதுல அக்கா இல்லவே இல்ல. அவ அத்தனை நாளும் வாயை மூடிக்கிட்டா படுத்திருந்தா? அவளா? பேசியிருப்பா. உங்களைக் கிண்டல் பண்ணியிருப்பா. எதையாவது கேட்டிருப்பா. நீங்க ஒருத்தர்தான் அதைக் கேட்டவர். உங்ககிட்ட இருந்து போச்சுன்னா அது எங்கயும் இல்ல.

எண்ணு வேணாம். அவ பேசினதை எழுதுங்க, ஞாபகம் இருக்கற வரைக்கும். அம்மா கேக்க மாட்டேன்னுதான் சொல்லுவா. சமையல் கட்டு வாசல்ல நின்னுக்கிட்டு கேப்பா.

வாலு


ஜூலை 10

அன்புள்ள வாலுவுக்கு,

நீ உட்கார்ந்து எழுதியது வந்தது. இந்த முறை முதல் ஜீப்பிலேயே பதில் போடுகிறேன். மழை விட்டுவிட்டது. என் உடம்பைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

ஞாபகம் இருப்பது கொஞ்சம்தான். நான் கேட்டது எல்லாம் எண்கள். அவள் சொன்னதில் எண் வந்ததும் மற்றதை விட்டிருக்கிறேன். நான்கு நாளாக அறையில் உட்கார்ந்து யோசித்ததில் இவ்வளவு கிடைத்தது. வரிசை சரியாக இருக்காது.

கால் கட்டைப் பார்த்து, "பாருங்க, உடைஞ்சது கால், வலிக்கறது தலை. யாரோ ஒயரை மாத்திக் குடுத்துட்டாங்க. நீங்க பிரிச்சுப் பாத்து சரி பண்ணுங்க" என்றாள். நான் சிரிக்காமல் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். "ஐயோ, கிளாஸ் எடுக்காதீங்க" என்று காதைப் பொத்திக்கொண்டாள்.

ஒருநாள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தவள், "இந்த வீட்டுல மூணு வருஷமா இருக்கோம், அந்த மூலையில விரிசல் இருக்கறது இன்னிக்குத்தான் தெரியுது. படுத்தாதான் தெரியும் போல" என்றாள். இன்னொரு நாள், "வாலுவுக்குக் குழந்தை பொறந்தா நான்தான் முதல்ல தூக்குவேன், சொல்லி வெச்சுடுங்க" என்றாள். அப்போது நீ உண்டாகவே இல்லை. அதை உனக்குச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொன்னாள். தலைக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். "நீங்க தேய்க்கறது நட்டு முடுக்கற மாதிரி இருக்கு. எங்கம்மா கை வேற" என்றாள். "வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். "பாவம், முழங்காலோட ரெண்டு பஸ் மாறி வரணும். குறைஞ்சப்புறம் நானே போய் மடியில படுத்துக்கறேன்" என்றாள். அது எட்டாம் நாள். இதை அம்மா கேட்கும்படி படிக்கலாமா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. நீ முடிவு பண்ணு.

பதினோராம் நாள் மதியம் முழித்துக்கொண்டாள். நான் பக்கத்தில் நாற்காலியில் இருந்தேன். "நோட்டை வெச்சுட்டு நீங்களும் கொஞ்சம் படுங்களேன்" என்றாள். படுத்தேன். கட்டில் சின்னது, விளிம்பில்தான் இடம் இருந்தது. மின்விசிறி ஓடவில்லை, காற்று பட்டால் அவளுக்கு ஆகவில்லை. "இப்ப உங்களுக்கு எவ்வளவு?" என்றாள். "எனக்கு எதுக்கு?" என்றேன். "சொல்லுங்க, நான் குறிச்சுக்கறேன்." "பூஜ்யம்" என்றேன். "குடுத்து வெச்ச மனுஷன்" என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டே தேடி என் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்து, மேலே அவள் கையை வைத்துக்கொண்டாள்.

நாலு மணிக்கு நோட்டுக்கு ரீடிங் எடுக்க வேண்டும். மூணே முக்காலுக்கு என் கையை மெதுவாக உருவிக்கொண்டேன்.

அத்தான்